ஏற்காட்டிலிருந்து இறங்க ஒரு பவர் கூலிங் கிளாஸ்

சேலத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் யாருக்கும் சில மாதங்களிலேயே ஏற்காடு ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். விடியற்காலையில் அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுவது தனி சந்தோஷம். ஏற்கெனவே கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த ஆசையோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வரும். வீட்டுக் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு போகலாமா, பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று செய்துகொள்ள வேண்டுமா? செய்வதென்றால் எப்படிப்பட்டது?

பல வருடமாக இந்தப் பாதையில் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறக்கத்தை மனதில் வைத்து வாங்குங்கள். ஏறும்போது மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகம்தான். ரோட்டில் ஒரு குழி இருந்தால் பார்த்து, யோசித்து, ஒதுங்க நேரம் இருக்கிறது. இறங்கும்போது 36 கிலோமீட்டர் வேகம் சாதாரணமாக வந்துவிடும். அந்த வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறீர்கள். வெயிலிலிருந்து சட்டென்று மரநிழலுக்குள் நுழைந்து, கண் பழகுவதற்கு இரண்டு நொடி எடுத்துக்கொண்டால் 20 மீட்டர் ரோட்டை அரைகுறையாகப் பார்த்தபடி கடந்திருப்பீர்கள். அந்த நிழலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கலாம், ஜல்லி சிதறிக் கிடக்கலாம், மலையிலிருந்து கசியும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எனக்கு அது தண்ணீர். முதல் முறை நான் செய்துகொண்ட கண்ணாடி நல்ல கறுப்பு, அதோடு போலரைஸ்டு, அதாவது தட்டையான பரப்பில் தெறிக்கும் பளபளப்பை மறைப்பது. கடையில் என்னிடம் கேட்டது, “எவ்வளவு கறுப்பா வேணும் சார்?” என்ற ஒரே கேள்விதான். எங்கே ஓட்டுவேன், எப்படி ஓட்டுவேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் இறங்கும்போது, பாசி பிடித்த ஈரம் அந்தக் கண்ணாடியில் காய்ந்த தார் போலவே தெரிந்தது. பின் சக்கரம் வழுக்கியபோதுதான் அது ஈரம் என்று புரிந்தது. முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. எதிரே பஸ் வரவில்லை.

முதலில் கண் பரிசோதனை

பழைய சீட்டை வைத்துப் புதுக் கண்ணாடி செய்யாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கும் சமயத்தில் போவது நல்லது. சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் சேர்ந்து மாறும்.

சீட்டில் மூன்று எண்கள் இருக்கும். ‘ஸ்பியர்’ என்பது அடிப்படை பவர். கிட்டப்பார்வைக்கு மைனஸ், தூரப்பார்வைக்கு ப்ளஸ். ‘சிலிண்டர்’ என்பது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததைச் சரிசெய்வது. ‘ஆக்சிஸ்’ என்பது அந்த சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதற்கான டிகிரி. பவர்கள் 0.25 என்ற படியில் ஏறி இறங்கும். நாலாவதாக ஒன்றை நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதுதான் பி.டி., இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணுக்கு எவ்வளவு, இடது கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக மில்லிமீட்டரில் இருந்தால் இன்னும் நல்லது. முகத்தைச் சுற்றி வளைந்த ஃபிரேமில் இந்த அளவு கொஞ்சம் தவறினாலும் தலைவலியில் கொண்டுபோய் விடும்.

மைனஸ் 0.50 அளவுதான் இருக்கிறது, பவர் இல்லாத கூலிங் கிளாஸே போதும் என்று சிலர் நினைப்பார்கள். வீட்டுக்குள் அது போதும். இறக்கத்தில் வளைவுக்கு அப்பால் கிடக்கும் கல்லைக் காண அந்த அரை பவரும் வேண்டும்.

பவருக்கு ஏற்ற வழி

மாட்டியிருக்கும் கண்ணாடியின் மேல் கவ்வும் கறுப்பு கிளிப், அல்லது அதன் மேலேயே போட்டுக்கொள்ளும் பெரிய கூலிங் கிளாஸ், செலவு குறைந்த வழி. முதல் இரண்டு மாதம் இந்தப் பழக்கம் நமக்கு ஒட்டுமா என்று பார்க்க இதுவே போதும். மேடுபள்ளத்தில் கிளிப் அதிரும், பக்கவாட்டில் காற்று புகுந்து கண்ணில் நீர் வரும். அதனால் மலைக்கு இது சரிப்படாது.

பவரை நேரடியாக லென்ஸிலேயே போட்டு, முகத்தை அணைத்து வளைந்த ஃபிரேமில் மாட்டுவது இரண்டாவது வழி. நடுத்தரப் பவர்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பூச்சி, தூசி, காற்று எதுவும் எளிதில் உள்ளே வராது. வளைந்த ஃபிரேமில் எவ்வளவு பவர் வரை போடலாம் என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். மைனஸ் நாலைத் தாண்டினால் ஓரம் தடிக்கும், பக்கவாட்டுப் பார்வை நெளியத் தொடங்கும். சிலிண்டர் இரண்டுக்கு மேல் இருந்தாலும் இதே கதைதான்.

பவர் அதிகம் உள்ளவர்களுக்கு உள்கிளிப் இருக்கிறது. வெளியே பவர் இல்லாத பெரிய கூலிங் லென்ஸ், அதன் உள்பக்கம் மூக்குப் பகுதியில் மாட்டும் சின்ன பவர் ஃபிரேம். பவர் மாறினால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். வெளி லென்ஸையும் கறுப்பு, மஞ்சள், நிறமற்றது என்று நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றலாம். குறையும் உண்டு. இமை முடி லென்ஸில் உரசும். மெதுவாக ஏறும்போது இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே ஆவி படியும். வியர்வைச் சொட்டு உள் லென்ஸில் விழுந்தால் வண்டியை நிறுத்தித்தான் துடைக்க வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு, மேலே சாதாரண விளையாட்டுக் கூலிங் கிளாஸ் மாட்டுவது நாலாவது வழி. பக்கவாட்டுப் பார்வை இதில்தான் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் ஏற்காடு போய்ச் சேர்ந்ததும் குழாய்த் தண்ணீரை முகத்தில் அள்ளி அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. லென்ஸோடு கண்ணில் தண்ணீர் படவே கூடாது, தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணைக் கெடுத்துவிடும். கண் வறட்சி உள்ளவர்களுக்கும் இறக்கத்தின் காற்று எரிச்சல் கொடுக்கும். இந்த வழியில் போனால், சாதாரணப் பவர் கண்ணாடி ஒன்றைப் பையில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவைப் பற்றிக் கேளுங்கள்

வீட்டுக் கண்ணாடி லென்ஸ் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். சைக்கிள் கண்ணாடியின் லென்ஸ் பந்தின் ஓரம் போல வளைந்திருக்கும். கடைக்காரர்கள் இதை ‘பேஸ் கர்வ்’ என்பார்கள். வீட்டுக் கண்ணாடி 4 வாக்கில் இருக்கும் என்றால் இது 8. வளைந்து சாய்ந்த லென்ஸ் வழியாகக் கண் பார்க்கும்போது, சீட்டில் உள்ள பவர் அப்படியே கண்ணுக்குப் போய்ச் சேராது. அதனால் வளைவுக்கும் சாய்வுக்கும் கணக்குப் போட்டு, பவரைச் சற்றே மாற்றி லென்ஸ் செய்ய வேண்டும்.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “வளைஞ்ச ஃபிரேமுக்குப் பவரைக் கணக்குப் போட்டு மாத்தித் தருவீங்களா?” கேள்வி புரிகிற கடையில் செய்யுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிக்கலாம்” என்ற பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். இப்படிக் கணக்குப் போட்டுச் செய்த லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்தால் உங்கள் சீட்டில் இல்லாத எண் காட்டும். பயந்துவிட வேண்டாம். மாற்றிய பவர் என்ன என்பதை லென்ஸோடு வரும் சீட்டில் கேட்டு வாங்கி, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு கறுப்பு, என்ன நிறம்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கறுப்பு அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று தோன்றும். கண்ணைக் காப்பது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை. லென்ஸின் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிட மோசம். இருட்டில் கண்மணி விரிந்துகொடுக்கும், கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். ‘யு.வி. 400’ என்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று அதற்குப் பொருள். மலை மேல் குளுகுளுவென்று இருப்பதால் அங்கே இது தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகத்தையும் ஊடுருவி அந்தக் கதிர் வரும்.

கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். 3-ஆம் வகை 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். 2-ஆம் வகை 18 முதல் 43 வரை. 1-ஆம் வகை 43 முதல் 80 வரை. 4-ஆம் வகை பனிமலைக்கும் கடலுக்கும் உரியது, அதைப் போட்டு ரோட்டில் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. கடைகளில் இதையே தலைகீழாகச் சொல்வதும் உண்டு. ‘80 சதவீதம் டின்ட்’ என்றால் 20 சதவீத ஒளிதான் உள்ளே வரும். “எத்தனை சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும்?” என்று கேட்டால் குழப்பம் இருக்காது.

ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் வரை போகிறவர்களுக்கு 3-ஆம் வகை பொருந்தும். வழி நெடுகத் திறந்த வெயில். கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் மேடுகளைப் பகலில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு அடித்த சுவரில் வெயில் விழுவது போல் கண் கூசும். அங்கே சாம்பல் நிற லென்ஸ் நன்றாக இருக்கும், எந்த நிறத்தையும் மாற்றிக் காட்டாது.

மலைப்பாதைக்கு 2-ஆம் வகைதான், அதிலும் முப்பது, நாற்பது சதவீத ஒளியை விடுகிற பழுப்பு நிறம். பழுப்பு லென்ஸில் தாரின் மேடுபள்ளமும் சாம்பல் நிறக் கல்லும் பிரிந்து தெரியும். ஒரு வளைவில் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும், அடுத்த வளைவில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்களின் நிழல் ரோட்டில் கோடு கோடாக விழும். இந்த ஒளியும் நிழலும் மாறி மாறி வரும் இடத்தில் நடுத்தரக் கறுப்புதான் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

‘அப்படியென்றால் வெயிலில் தானாகக் கறுத்து, நிழலில் தெளியும் போட்டோகுரோமிக் லென்ஸ் வாங்கிவிடலாமே?’ என்று தோன்றும். நல்ல லென்ஸ்தான், நானும் அதைத்தான் போடுகிறேன். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து வாங்குங்கள். கறுப்பதற்கு அரை நிமிடம் போதும். தெளிய சில நிமிடங்கள் ஆகும். எனவே மரநிழலுக்குள் நுழையும் அந்த இரண்டு நொடியில் அதனால் எந்த உதவியும் இல்லை. விடியற்காலை இருட்டில் கிளம்பி ஒன்பது மணி வெயிலில் திரும்புகிறவர்களுக்கு, ஒரே கண்ணாடியில் முழுப் பயணமும் முடிந்துவிடுகிறது என்பதுதான் அதன் லாபம். இன்னொன்றும் உண்டு. சூடு அதிகமானால் அது முழுதாகக் கறுக்காது, குளிரில் நன்றாகக் கறுக்கும், தெளிவதும் தாமதமாகும். அதாவது சித்திரை வெயிலில் சேலத்துக்குள் எதிர்பார்த்த அளவு கறுக்காத அதே லென்ஸ், மார்கழியில் ஏற்காடு ஏரிப் பக்கம் தேவைக்கு மேல் கறுத்து நிற்கும். அதனால் முழுதாகக் கறுத்தாலும் 2-ஆம் வகையைத் தாண்டாத போட்டோகுரோமிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

போலரைஸ்டு லென்ஸை மலைக்கு வேண்டாம் என்பேன். தட்டையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது அழித்துவிடும். நெடுஞ்சாலையில் அது வரம். மலையில் ஈரத்தையும் எண்ணெய்க் கசிவையும் நமக்குக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்புதான். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் மீட்டரோ செல்போனோ சில கோணங்களில் கறுத்துப் போவதும் உண்டு.

மூடுபனியில் ஓட்டுகிறவர்கள் வெளிர் மஞ்சள் அல்லது நிறமற்ற லென்ஸை உடன் வைத்துக்கொள்ளலாம். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும் மேல்பூச்சு அவரவர் ஆசைக்கு.

லென்ஸ் எதனால் ஆனது

கண்ணாடியாலான லென்ஸ் கூடவே கூடாது, கல் தெறித்தால் உடைந்து கண்ணுக்குள் போகும். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக் லென்ஸ் கேளுங்கள். இரண்டும் அடியைத் தாங்கும், புற ஊதாவையும் தாமாகவே தடுக்கும். பாலிகார்பனேட் மெல்லியது, சுலபமாகக் கிடைக்கும். பவர் கூடினால் ஓரங்களில் நிறம் லேசாகப் பிரிந்து தெரியும். டிரைவெக்ஸ் அந்த விஷயத்தில் தெளிவு. இரண்டுக்குமே கீறல் விழாத பூச்சு தேவை. லென்ஸின் உள்பக்கத்துக்கு எதிரொளி தடுக்கும் பூச்சும் போடச் சொல்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது நம் கண்ணே லென்ஸில் தெரிந்து தொந்தரவு செய்வது அதனால் குறையும்.

சைக்கிளோடு கடைக்குப் போங்கள்

என் இரண்டாவது கண்ணாடியைச் செய்து கொடுத்தவர் வயதான கடைக்காரர். ஹெல்மெட்டோடு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். “சைக்கிளையே கொண்டாந்துட்டீங்களா சார்? நல்லதாப் போச்சு. ஏறி உக்காருங்க, பார்க்கலாம்” என்றார். சுவரில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் ஹேண்டிலைப் பிடித்து, ஓட்டுகிற வாகில் குனிந்தேன். முதலில் நான் நிமிர்ந்து நின்றபோது ஃபிரேமோடு வந்த மாதிரி லென்ஸில், கண்மணிக்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். இப்போது குனிந்த நிலையில் இன்னொரு புள்ளி வைத்தார். கழற்றிப் பார்த்தோம். இரண்டாவது புள்ளி ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் மேலே இருந்தது. ஃபிரேமின் மேல் விளிம்புக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. “இந்த ஃபிரேம் வேணாம் சார், ரோட்டைப் பார்க்கும்போது விளிம்பு மறைக்கும்” என்று சொல்லி, புருவம் வரை ஏறி உட்கார்கிற வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லென்ஸின் மையத்தையும் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வைத்துச் செய்தார்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். குனிந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற நமக்கு லென்ஸின் மேல் பாதிதான் வேலை செய்கிறது. அப்புறம் ஹெல்மெட்டைப் போட்டு, கண்ணாடியின் கால்கள் ஹெல்மெட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகு, கால்கள் அதற்கு வெளியே வரும்படி கண்ணாடியைப் போடுங்கள். மூக்குத்தாங்கி ரப்பராக, வளைத்துச் சரிசெய்யக்கூடியதாக இருந்தால் வியர்வையில் வழுக்காது. கன்னம் லென்ஸைத் தொடக் கூடாது. தொட்டால் ஏற்றத்தில் ஆவி படியும். லென்ஸின் மேலோ பக்கத்திலோ காற்றுப்போக ஓட்டை இருக்கட்டும்.

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும், வீட்டில் போடும் புரோகிரசிவ் லென்ஸையே சைக்கிளுக்கும் போட்டால், கீழ்ப்பகுதி கிட்டத்தைப் பார்ப்பதற்கானது என்பதால் முன்சக்கரத்தின் கிட்டே ரோடு மங்கும், பக்கவாட்டிலும் நெளியும். தூரத்துக்கு மட்டும் பவர் போட்டுக்கொள்வதே மலைக்கு நிம்மதி. மீட்டரின் எண்களைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். கட்டாயம் படிக்க வேண்டுமென்றால் லென்ஸின் அடியோரத்தில் சின்னதாக ஒரு வாசிப்புத் துண்டு போதும்.

கையில் வாங்கிய பிறகு

கடையிலேயே மாட்டிக்கொண்டு எதிரே உள்ள கதவுச் சட்டத்தைப் பாருங்கள். தலையை மெல்லத் திருப்பும்போது நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்க வேண்டும். படியில் நாலு முறை ஏறி இறங்குங்கள். வளைந்த லென்ஸுக்குப் புதியவர்களுக்குத் தரை கொஞ்சம் மிதப்பது போலிருக்கும். சில நாளில் பழகிவிடும். ஒரு வாரம் ஆகியும் தலைவலி நிற்கவில்லை என்றால் பி.டி.யையும் லென்ஸின் மையத்தையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

முதல் நாளே மலைக்குப் போய்விடாதீர்கள். கன்னங்குறிச்சி, மூக்கனேரி பக்கம் இரண்டு காலை ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு ஏறி, பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள். நிழலுக்குள் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் ரோட்டின் விவரம் உடனே தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியவில்லை என்றால் கறுப்பு அதிகம்.

தூசி படிந்த லென்ஸை ஜெர்ஸியின் நுனியால் துடைத்தால் ஒவ்வொரு தூசியும் ஒரு கீறல் போடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரலால் தேய்த்து அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறுகிறவர்கள் கண்ணாடியை டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயில் சூட்டில் பூச்சு பொரிந்துவிடும். மேலே எங்காவது உட்கார்ந்து இளைப்பாறும்போது கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைக்காமல், கெட்டியான டப்பாவில் போட்டு முதுகுப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குரங்குகள் நம் பொருள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதே பாக்கெட்டில் வீட்டுப் பவர் கண்ணாடியும் ஒன்று இருக்கட்டும். திடீரென்று பனி இறங்கி ரோடு மறைந்தால் ஓரமாக நிறுத்தி, கறுப்பைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டு இறங்கலாம்.